கொள்ளிமீன் விழுந்த இரவு

“பாக்காத மக்ளே, பாக்காத! பச்ச மரத்தப் பாரு!”

சித்தியின் குரல் நடுங்கிற்று. பத்து வயதுப் பேத்தியோ மொட்டைமாடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கட்டியால் கோடு கிழித்தாற்போல ஒரு நட்சத்திரம் தென்னை மரங்களுக்கு மேலே சறுக்கி, மறைந்துவிட்டது.

களியக்காவிளையில் இருக்கிறது என் சித்தி வீடு. கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். 1956 நவம்பர் முதல் தேதி வரை இந்த ஊரும் திருவிதாங்கூரோடு சேர்ந்துதான் இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழில் சொன்னாலும், அந்தப் பக்கம் மலையாளத்தில் சொன்னாலும், விழும் நட்சத்திரத்துக்குக் ‘கொள்ளிமீன்’ என்றுதான் பெயர். பெயர் மட்டுமா ஒன்று? பயமும் ஒன்றுதான்!

அன்று அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. சிறுமியின் அப்பா திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். விடிந்தால் ஆபரேஷன். மகளும் துணைக்குப் போயிருந்தாள். “ஆருக்கோ ஆயுசு முடிஞ்சுது” என்று முணுமுணுத்த சித்தி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மச்சி ஏன் அழுறாங்க, பெரியம்மை? நட்சத்திரம் விழுந்தா அப்பாவுக்கு என்ன?” என்று என்னைக் கேட்டாள் குழந்தை.

‘ஒன்றுமில்லை, போய்த் தூங்கு’ என்று சொல்லிவிடலாம். ஆனால் சித்தியின் பயம் இன்று நேற்று வந்ததல்லவே! ஈராயிரம் வருஷத்துப் பயமல்லவா அது?

புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. பாடியவர் கூடலூர் கிழார். பாடப்பட்டவன் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பங்குனி மாதத்து முற்பாதியில் ஒரு நள்ளிரவு. உத்தர நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்கிறது. மூலம் எதிரே எழுகிறது. மிருகசீரிடம் மேற்கே தாழ்கிறது. அந்த நேரத்தில் வானமே பற்றியதுபோல ஒரு மீன் எரிந்து விழுகிறது. ‘நம் அரசனுக்கு ஒன்றும் நேராமல் இருக்க வேண்டுமே’ என்று புலவர் மனம் பதைக்கிறது. ஏழாம் நாள் அரசன் இறந்துபோகிறான்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். “பாத்தியா! நான் சொன்னது சரிதானே?”

“பொறுங்கள் சித்தி! புலவர் கண்ணை மூடிக்கொண்டாரா? பச்சை மரத்தைத் தேடி ஓடினாரா? எந்த மாதம், எந்த நட்சத்திரம் எங்கே நின்றது, மீன் எந்தத் திசையில் விழவில்லை என்பது வரைக்கும் பார்த்துப் பாட்டில் வைத்திருக்கிறாரே! பங்குனி நள்ளிரவில் இந்த மாடியில் வந்து நின்றால், அந்த மூன்று நட்சத்திரங்களையும் இன்றும் ஏறக்குறைய அதே இடங்களில் பார்க்கலாம். இன்னொன்று. இருட்டான இரவில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் மணிக்கு ஐந்தாறு மீன்களாவது விழும். எத்தனை பங்குனியில் மீன் விழுந்தும் மன்னர் சுகமாக இருந்தாரோ! அதைப் பாட யாருக்குத் தோன்றும்?”

சித்தி பதில் சொல்லவில்லை. ஆனால் அழுகை நின்றிருந்தது.

வடக்கே உஜ்ஜயினியில் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். சொர்க்கத்தில் புண்ணியத்தின் பலனை அனுபவித்துத் தீர்த்தவர்கள் கீழே விழும் உருவமே உல்கை என்பது அவர் வாக்கு. (நம் கோவூர் கிழார் ‘உற்கம்’ என்று பாடியதும் இதைத்தான்.) அவரும் நின்று நிதானித்துப் பார்த்துத்தான் இருக்கிறார். உல்கை, திஷ்ணியம், அசனி, வித்யுத், தாரா என்று ஐந்தாகப் பிரிக்கிறார். தலை பருத்து, விழ விழப் பெரிதாவது உல்கை. தாமரை நூல்போல மெலிந்து ஓடுவது தாரா. பேரோசையோடு வந்து பூமியைப் பிளப்பது அசனி. மின்னலையும் இதே வரிசையில் சேர்த்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை!

பூமியைப் பிளப்பது கற்பனையா என்றால், அதுவும் இல்லை. 1857 பிப்ரவரி 28-ஆம் தேதி, பட்டப்பகலில், அன்றைய மதுரை ஜில்லாவில் வானத்திலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 77 கிலோ! ‘பர்னல்லி’ என்ற பெயரில் விஞ்ஞானிகளுக்கெல்லாம் தெரிந்த அவற்றில் பெரிய கல் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

“அப்ப நாம பாத்தது எங்க விழுந்திருக்கும்?” என்றாள் குழந்தை ஆவலோடு.

எங்கும் விழுந்திராது. அது கடுகளவோ மிளகளவோ இருந்த ஒரு துகள். கார்த்திகை கடைசியில், டிசம்பர் 14-ஐ ஒட்டி, பூமி தன் பாதையில் ஒரு தூசுக் கூட்டத்துக்குள் புகுந்து போகிறது. ஃபேத்தன் என்ற சிறு கோள் உதிர்த்த தூசு அது. அந்தக் கோளைக் கண்டுபிடித்தது 1983-இல்தான். துகள்கள் விநாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி, நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடுகின்றன. மிதுன ராசிப் பக்கமிருந்து, நம் புனர்பூச நட்சத்திரத்துக்கு அருகிலிருந்து கிளம்பி வருவதுபோலத் தோன்றும். நட்சத்திரம் ஒன்றுகூடக் குறைவதில்லை!

“சித்தி, யயாதி கதை உங்களுக்குத் தெரியுமே?” என்று கேட்டேன்.

தெரியாமல் என்ன? மகாபாரதக் கதைதானே. தவத்தில் தனக்கு நிகர் யாருமில்லை என்று யயாதி சொர்க்கத்தில் பெருமை பேசினான். இந்திரன் தள்ளிவிட்டான். கொள்ளிபோல எரிந்துகொண்டு விழுந்தவனைக் கீழே யாகம் செய்துகொண்டிருந்த நான்கு அரசர்கள் கண்டார்கள். அஷ்டகன், வசுமனன், பிரதர்த்தனன், சிபி. நால்வரும் அவனுடைய மகள் வயிற்றுப் பேரன்மார். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. “நீர் யார்? ஏன் விழுகிறீர்?” என்று கேட்டார்கள். தங்கள் புண்ணியத்தைத் தருகிறோம் என்றார்கள். கடைசியில் தாத்தாவும் பேரன்களுமாகச் சேர்ந்தே சொர்க்கம் போனார்கள்.

கேள்வி கேட்ட பேரக் குழந்தைகளால் அல்லவா கிழவர் கரையேறினார்!

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேத்தியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். மூவருமாக மேலே பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று விழுந்தது. “அதோ!” என்று முதலில் கை நீட்டியது யார் என்கிறீர்கள்? சித்திதான்!

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. “ராத்திரி கொள்ளிமீனைப் பார்த்த ராசி!” என்று சொல்ல வாயெடுத்தாள் சித்தி.

“அம்மச்சி, அது மிளகு அளவுத் தூசிதான்” என்றாள் பேத்தி.