தோல்வியின் எடை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள எந்த ரோலிங் மில்லுக்கும் போய்ப் பாருங்கள். பழுக்கக் காய்ந்த இரும்பு ரோல்களுக்கு நடுவே சாரைப்பாம்பு போல ஓடிவந்து கம்பியாகும். ஆறியதும் ஒரு மீட்டர் துண்டு வெட்டித் தராசில் வைப்பார்கள். 12 மி.மீ. டிஎம்டி கம்பி என்றால் மீட்டருக்கு 888 கிராம் இருக்க வேண்டும். ஒரு துண்டு 881 காட்டும், அடுத்தது 894, அதற்கடுத்தது 886. யாரும் பதறுவதில்லை. இந்தியத் தர விதியே இந்தக் கம்பிக்கு 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்கிறது.

அதே ஆட்கள்தான் 2025 கோடையில், ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நின்று, சென்னை சூப்பர் கிங்ஸைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து முறை ஐபிஎல் கோப்பை வென்ற அணி, 14 ஆட்டங்களில் 4-ல் மட்டும் வென்று, முதல்முறையாகப் பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்தது. முழங்கை எலும்பு முறிவால் கேப்டன் ருதுராஜ் விலக, தோனி மீண்டும் பொறுப்பேற்றார். அந்த முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தாவுக்கு எதிராகச் சென்னை எடுத்தது 103 ரன்தான்.

இந்த அணியையும் தராசில் வைத்துப் பார்ப்போமா?

பத்து அணிகளும் சரிசமமான பலம் உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையா. ஒரு நாணயத்தை 14 முறை சுண்டினால் பூ நான்கு முறையோ அதற்கும் குறைவாகவோ விழ எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய 9 சதவீதம். பத்து அணிகள் ஆடும் போட்டியில், யாருடைய தவறும் இல்லாமலே, சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அணி இந்தக் கதிக்கு ஆளாகும்! வெறும் 14 ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் கை அவ்வளவு நீளம்.

தொழிற்சாலைகளுக்கு இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட். எந்த உற்பத்தியிலும் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் ஒன்று, தேடினால் காரணம் அகப்படும் கோளாறு இன்னொன்று என்று பிரித்து, 1924-ல் அதற்கொரு வரைபடம் போட்டார். சராசரிக்கு மேலும் கீழும் எல்லைக் கோடுகள். புள்ளி உள்ளே இருக்கும்வரை இயந்திரத்தில் கைவைக்காதே. 14 ஆட்டங்களுக்கு அவர் முறைப்படி கோடு கிழித்தால், கீழ் எல்லை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே விழும். சென்னையின் 4 வெற்றி உள்ளேதான் இருக்கிறது.

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா? இல்லை. எல்லைக்குள் இருந்தாலும், கம்பித் துண்டுகள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்தால் அனுபவசாலி உஷாராகிவிடுவார். தொடர்ந்து எடை கூடிக்கொண்டே போனால் ரோலின் பள்ளம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

சென்னைக்கு அந்தச் சாய்வு தெரிந்த இடம் சொந்த மைதானமான சேப்பாக்கம். முதல் ஆட்டத்தில் மும்பையை வென்ற பிறகு பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என்று வரிசையாக ஐந்து தோல்வி. அதற்கு முன் பெங்களூரு அங்கே சென்னையைக் கடைசியாக வென்றது 2008-ல். ஹைதராபாத் அங்கே சென்னையை அதுவரை வென்றதே இல்லை. முந்தைய ஆண்டுகளில் சேப்பாக்கத்தில் மூன்றுக்கு இரண்டு ஆட்டமாவது வென்றுவந்த அணி இது. அதே பலத்தோடு இருந்திருந்தால், ஆறில் ஒன்றே ஒன்றை வெல்லும் அளவுக்குச் சறுக்க 100-க்கு 2 வாய்ப்புகூட இல்லை. தேய்மானம் இங்கேதான். சேப்பாக்கத்தில் சொந்த மண் பலம் என்று எதுவும் இல்லை என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே பெங்களூரு ஆட்டத்துக்குப் பிறகு சொல்லிவிட்டார். சுழலுக்கு வாகான மெதுவான மண்ணை நம்பி வளர்ந்த அணிக்கு அந்த மண்ணின் குணமே பிடிபடவில்லை.

பட்டியலை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 2020-ல் இதே அணி ஏழாவது இடத்துக்கு இறங்கியது. அப்போதும் கதை முடிந்தது என்றார்கள். பெரும்பாலும் அதே வீரர்களோடு 2021-ல் கோப்பையை வென்றது.

ஆகவே, அடுத்த சீசனில் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக் கொதிப்பதற்கு முன்னால், சேப்பாக்கத்தில் எத்தனை வெற்றி என்று மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள். ரோலை மாற்றினார்களா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.