வெறிச்சென்ற வயலும் விவசாயியின் மனமும்

ஒற்றை நாற்று நடவை ஒரு போகம் செய்து மறு போகம் கைவிட்டவர்களை வினவினால், மகசூல் குறைந்ததென்று கூறுவோர் சிலரே. வயலைக் காணச் சகிக்கவில்லை என்போரே பலர். இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது.

செம்மை நெல் சாகுபடி எனப் பெயர் பெற்ற இம்முறையை மடகாஸ்கர் தீவில் 1983-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஹென்றி தெ லொலானியே என்னும் பாதிரியார். எனினும் குத்துக்கு ஒரு நாற்று என்பது நமக்குப் புதிதன்று. 1910-களிலேயே சென்னை மாகாண விவசாய இலாகா அதனைப் பரப்ப முயன்றதுண்டு.

14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒவ்வொன்றாக நட்டால் ஏக்கருக்கு 3 கிலோ விதையே போதும். ஆனால் ஏறக்குறைய மூன்று வாரம் வயலில் சேறு தெரியுமேயன்றிப் பயிர் தெரியாது. அடுத்த வயலிலோ முதிர்ந்த நாற்று கொத்துக் கொத்தாய்ப் பசுமை காட்டி நிற்கும். வழியிற் போவோர், "விதை நெல்லுக்கும் பஞ்சமோ?" என்பர். மானமுள்ள குடியானவன் என் செய்வான்? ஆளனுப்பி இடையிடையே நாற்றைச் செருகிவிடுவான். தூர் வெடிக்க வேண்டிய இடம் அத்துடன் அடைபட்டுப் போகும்.

நீர் விஷயமும் அவ்வாறே. மயிரிழை வெடிப்புக் கண்டபின் 2.5 சென்டிமீட்டர் நீர் கட்டினாற் போதும் என்கிறோம். நெல்லுக்கு எந்நாளும் நீர் நிற்க வேண்டுமென்று தலைமுறைகளாய் நம்பியவர்க்கு அவ்வெடிப்பைக் கண்டால் இரவில் உறக்கம் வருவதில்லை.

நட்ட 10-ஆம் நாள் முதல் பத்து நாளைக்கொருமுறை உருளைக் களைக்கருவி ஓட்டுகையில், பயிர் ஆடுவதைக் கண்டு வேரறுந்ததென அஞ்சுகின்றனர். உண்மையில் களை சேற்றில் அமிழ்ந்து உரமாகிறது. வேருக்குக் காற்றும் கிட்டுகிறது. ஆயினும் கருவியைத் தள்ளும் ஆளின் தோள்வலி மனப்பிரமையன்று. வரப்பில் நிற்கும் நிலக்காரர் கூலியைச் சற்று உயர்த்தினால் கருவி பரணுக்கு ஏறாது.

ஆகையால் முதற்போகத்தில் சாலையோர வயலை விடுத்து, உட்புறத்தில் 20 சென்ட் மட்டும் நடுக. பக்கத்திலேயே பழைய முறையிலும் 20 சென்ட் இருக்கட்டும். கதிர் வந்தபின் வீட்டாரை அழைத்துச் சென்று, இரண்டிலும் ஒரு சதுர மீட்டரிலுள்ள கதிர்களை எண்ணச் செய்க. குத்துக்குக் குத்து ஒப்பிடுதல் நியாயமாகாது. கிராம அதிகாரிகளும் வெறிச்சென்ற வயலைக் கண்டு உச்சுக்கொட்டாதிருப்பாராக. அவர்கள் முகக்குறியை ஊர் கவனிக்கிறது.

வடிகாலற்ற பள்ள நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இளநாற்று மூழ்கி அழுகிவிடும். அங்கே இம்முறையை விட்டவர் வீண் அச்சத்தால் விட்டவரல்லர், அவரை வற்புறுத்தலாகாது.