துங்கபத்திரைக் கரையில் நூறாண்டுப் போர்

சுங்கைப் பட்டாணியிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் வரலாறு சொல்லிக் கொடுக்கும் தமிழாசிரியருக்கு வேறெங்கும் வாய்க்காத வசதி ஒன்று உண்டு. ஜெராய் மலையைச் சுட்டிக் காட்டி, "அதன் அடிவாரந்தான் கடாரம், 1025-இல் இராசேந்திர சோழன் கப்பற்படை அனுப்பி வென்ற நாடு இதுவே" என்று அவர் சொல்லலாம். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர். மெர்போக்கிற்குச் சென்று பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களைக் கண்டு வந்தவர்க்கு அப்பெருமிதம் இன்னும் மிகும்.

ஆனால் இராசேந்திரனுடைய மெய்க்கீர்த்தியை முதலடியிலிருந்து படித்துப் பாருங்கள். கடாரம் கடைசியில்தான் வருகிறது. முதலில் நிற்கும் பெயர்கள் இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் என்பன. இவை மேலைச் சாளுக்கியரின் நிலங்கள். இடைதுறை நாடு என்பது கிருட்டிணை, துங்கபத்திரை ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் நடுவே கிடப்பது. கடாரத்தின்மேல் சோழர் சென்றது ஓரிரு முறையே. சாளுக்கியரோடு பொருததோ இராசராசன் தொடங்கி மகன், பேரர் என மூன்று தலைமுறை. அதன் பின்னும் பகை அடங்கவில்லை.

973-இல் இரண்டாம் தைலபன் இராட்டிரகூடரை வீழ்த்திச் சாளுக்கிய அரசை மீட்டான். 985-இல் இராசராசன் முடி சூடினான். வளரும் அரசுகள் இரண்டுக்கும் இடையே வழக்கில் நின்றவை இரண்டு: ஒன்று இடைதுறை நாடு, மற்றொன்று கோதாவரி, கிருட்டிணைக் கழிமுகத்து நெல்வளம் கொழிக்கும் வேங்கி. வேங்கிக்காக வாளோடு மணவினையும் பயன்பட்டது. இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கியின் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், இராசேந்திரன் மகள் அம்மங்கையை மணந்தான். இந்த மணங்களின் பயனைப் பின்னர்க் காண்போம்.

போர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் நம் பிள்ளைகள் ஒப்பிப்பர். 1054-இல் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேலேயே மாண்டான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடி சூடிப் போரை வென்றான். இவ்வளவும் தேர்வுக்கு உதவும். அப்படைகள் நடந்து சென்ற வழியில் இருந்த ஊர்கள் என்ன ஆயின?

அதற்கு எதிர்த்தரப்பின் கல்லையும் படிக்க வேண்டும். தார்வாடுப் பகுதியில் ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோழன் ஒன்பது இலட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்டிரையும் பிள்ளைகளையும் அந்தணரையும் கொன்றான், பெண்களைப் பற்றிச் சென்றான் என்று அது முறையிடுகிறது. ஒன்பது இலட்சம் என்பது மிகை என்பதில் ஐயமில்லை. பகைவன் கூற்று என்று முழுவதையும் தள்ளிவிடலாமா? தள்ள முடியாது, நம்மவர் கூற்றே தடுக்கிறது. வீரராசேந்திரனின் மணிமங்கலக் கல்வெட்டு, சாமுண்டராசன் என்னும் சாளுக்கியத் தண்டநாயகனின் தலையை அறுத்ததோடு, அவன் ஒரே மகளான நாகலை என்பவளின் மூக்கை அரிந்ததையும் வெற்றியாகவே பாடுகிறது. அவள் மயில் போன்ற அழகினள் என்ற அடைமொழியும் அங்கே உண்டு! மெய்க்கீர்த்தியின் தமிழ் நடையை வகுப்பில் வியந்து சொல்லும் நாம், இவ்வடிகளை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம்.

பெள்வலப் பகுதியில் சோழர் சமணக் கோயில்களை எரித்ததையும், அவை பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் நிலம் பெற்றதையும் 1071-ஐ ஒட்டிய கவர்வாடுக் கல்வெட்டு கூறுகிறது. தமிழகச் சுற்றுலா செல்லும் நம்மவர் தஞ்சையில் ஒரு துவாரபாலகர் சிலையைக் காணலாம். கல்யாணபுரத்தை எறிந்து அதனை எடுத்து வந்ததாக இராசாதிராசன் அதன் பீடத்திலேயே எழுதி வைத்தான். சிற்பமும் சோழச் சிற்பம் அன்று. பார்த்தவுடன் வேற்று நாட்டு உளி தெரியும்.

வென்றவர் நாடு மட்டும் அப்படியே இருந்ததா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. தெரிந்த கைக்கோளர் என்றும் வலங்கை வேளைக்காரர் என்றும் பல பிரிவினர் அவற்றில் உள்ளனர். கைக்கோளர் என்றால் இன்று நாம் நெசவை நினைக்கிறோம். அன்று அப்பெயர் படையிலும் நின்றது. வலங்கை, இடங்கை என்னும் பிரிவு பின்னர்ச் சாதிக் கூட்டங்களின் பிளவாக முற்றியது. குலோத்துங்கனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1071-ஐ ஒட்டி, காவிரி நாட்டு இராசமகேந்திரச் சதுர்வேதிமங்கலம் வலங்கை இடங்கைக் கலகத்தில் எரிந்தது. கோயிலும் கொள்ளை போயிற்று. ஊரை மீண்டும் எழுப்பச் சபையார் கோயிற் பண்டாரத்தில் கடன் வாங்க வேண்டியதாயிற்று. இக்கலகத்துக்கு நெடும்போரே காரணம் என்று துணிந்து கூறேன். எனினும் வீரராசேந்திரன் மறைந்து, அதிராசேந்திரன் சில வாரங்களே ஆண்டு முடிந்து, அரியணை தடுமாறிய காலம் அது என்பதை நினைக்க வேண்டும்.

அந்த அரியணையில் 1070-இல் வந்து அமர்ந்தவன் யார்? அம்மங்கையின் மகன். தந்தை வழியில் அவன் கீழைச் சாளுக்கியன். மூன்று தலைமுறை சாளுக்கியரோடு பொருத சோழர் குலத்துக்குச் சாளுக்கியன் மகனே அரசனானான். சுங்கம் தவிர்த்த சோழன் என்று மக்கள் புகழ்ந்ததும் அவனையே. ஆனால் வென்ற நிலங்கள் நிலைக்கவில்லை. இராசராசபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட தலைக்காட்டை 1116-இல் போசளன் விட்டுணுவர்த்தனன் கைக்கொண்டான். அவ்வளவு குருதி கண்ட வேங்கியும் 1118-ஐ ஒட்டி ஆறாம் விக்கிரமாதித்தன் கைக்குச் சென்றது.

நம் கடாரத்தின் கதை வேறு. 1090-இல் கடாரத்தரசன் தூதர் குலோத்துங்கன் அவைக்கு வந்து, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு உரிய பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரி நீக்கும்படி வேண்டினர். அவனும் இசைந்தான். சிறிய இலெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்றது அந்த ஆணையே. படையெடுப்பு நிகழ்ந்து அறுபத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.