பெட்டியில் கிடைத்த பெயரில்லாத் துண்டு

அப்பப்பா சேர்த்துவைத்த கற்பெட்டியில் உலோகம் போன்ற துண்டு ஒன்று இருக்கிறது, பெயர் எழுதிய தாள் இல்லை. வேறு ஊரில் என்றால் நேரே சோதனைக்குப் போகலாம். வன்னியில் முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். புரி, மூடி, கம்பி, சிறகு, வார்த்த வடிவம் என்று மனிதன் செய்த அடையாளம் ஏதும் இருந்தால் தொடவேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு 119க்கு அழையுங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயல் கொத்தும்போது இன்றும் வெடிபொருள் கிடைக்கிறது. துருப்பிடித்தால் அது செயலிழந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது.

இயற்கைத் துண்டுதான் என்று உறுதியானால், அடர்த்தியை அளப்பதே மிக நல்ல சோதனை. நிறம் ஏமாற்றும், எடை அவ்வளவாக ஏமாற்றாது. சமையல் தராசில் துண்டை நிறுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, துண்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். முதல் எடையை இதால் வகுங்கள். 113 கிராம் துண்டு தண்ணீரில் 10 காட்டினால் விடை 11.3, அது ஈயம். செம்பு 9க்குச் சற்றுக் குறைவு, வெள்ளி 10.5, இரும்பு 7.9, தங்கம் 19.3. ஈயத் தாதுவான கலேனா 7.5, பொன்போல மின்னும் பைரைட் 5. துண்டில் பாறை ஒட்டியிருந்தால் எண் குறையும். கலப்புலோகமும் குழப்பும்.

அடுத்தது காந்தம். இழுத்துப் பிடித்தால் இரும்பு அல்லது மக்னடைட். புல்மோட்டை, கொக்கிளாய்க் கரையின் கறுப்பு மணலில் நிறைய உள்ள இல்மனைட்டையோ சாதாரணக் காந்தம் மெல்லத்தான் இழுக்கும். பிறகு டைல்ஸின் பூச்சில்லாத வெள்ளைப் பின்பக்கத்தில் ஓரத்தை இழுத்துப் பார்க்கலாம். பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடும், தங்கம் மஞ்சள் கோடும், ஹெமடைட் செம்பழுப்புக் கோடும் விடும்.

ஆனால் துண்டு சதுரக் கட்டியாய், கறுப்பாய், அளவுக்கு மீறிக் கனத்தால் கோடு போடவேண்டாம். அது தோரியனைட்டாக இருக்கலாம். கலை ஆய்வாளராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிய அளவையின் தலைவராக இருந்த காலத்தில், 1904இல் பலாங்கொடைப் பக்கத்தில் அடையாளம் கண்ட கனியம் அது. முதலில் யுரேனியக் கனியம் என்றே அவர் கருதினார். லண்டனில் பகுத்தபோதுதான் பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. கனியங்களில் தேர்ந்தவருக்கே கண்மட்டும் போதவில்லை. அது கதிர்வீச்சுள்ளது. தூளாக்காதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள், தொட்ட கையைக் கழுவுங்கள். அளந்து பார்க்க இலங்கை அணுசக்திச் சபையை நாடலாம்.

மற்றவற்றில் ஐயம் தீராவிட்டால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம் காட்டலாம். அதுவரை அமிலத்தால் துலக்கவேண்டாம். சுற்றியிருந்த பழைய கடதாசியையும் எறியவேண்டாம், இடப்பெயர் ஒன்று அதில் இருக்கலாம்.