நடந்துகொண்டே பின்னியவர்கள்

வட இங்கிலாந்தில், டீ ஆற்றின் பள்ளத்தாக்கில் டென்ட் என்றொரு சிற்றூர். கல் பாவிய குறுகலான தெருக்கள், சுற்றிலும் ஆடு மேயும் குன்றுகள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரிலிருந்து சந்தைக்குப் புறப்பட்ட பெண், வழிநெடுகக் காலுறை பின்னிக்கொண்டே நடந்தாள். இடுப்புக் கச்சையின் வலப்பக்கத்தில் ஒரு சாண் நீள மரத்தாங்கி செருகியிருக்கும். அதன் துளையில் ஓர் ஊசியின் அடிமுனையை ஊன்றிவிட்டால், ஊசியைப் பிடித்திருக்கும் வேலை கைக்கு இல்லை. விரல்கள் நூலை மட்டும் கவனித்தால் போதும். பாதையைக் கால் பார்த்துக்கொள்ளும்.

பெண்கள் மட்டுமா? ஆடு ஓட்டிப்போன ஆண்களும் பின்னினார்கள், கிழவர்களும் பின்னினார்கள், எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைகளும் பின்னினார்கள். அந்த மரத்தாங்கியைக் காதலன் தன் கையால் செதுக்கிக் கொடுப்பது வழக்கம். பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் இதயக் குறியும் பொறித்த தாங்கிகளை இன்று பக்கத்திலுள்ள ஹாஸ் ஊரின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். காதல் பரிசுதான், ஆனால் வேலை வாங்கும் பரிசு.

இன்று அக்டோபரில் டென்டுக்கு வருகிறவர்கள் காலையில் நடக்கிறார்கள், மாலையில் பின்னுகிறார்கள். ஊருக்கு மேலே ஃப்ளின்டர் கில் ஓடையை ஒட்டி மரங்களடர்ந்த சரிவு உண்டு. ஈரச் சுண்ணாம்புப் பாறையில் பழுப்பு இலைகள் ஒட்டிக்கிடக்கும். நீர் புகாத காலணியும் வரைபடமுமாக ஏறிவிட்டு, மூன்று மணிக்குள் இறங்கி, தேநீரும் கேக்குமாகக் கணப்பின் அருகே உட்கார்ந்து, பையிலிருந்து கம்பளி நூலை எடுப்பார்கள். இலையுதிர்காலத்தை இப்படித்தான் கழிக்க வேண்டும் என்று வாழ்க்கைமுறை இதழ்கள் ஆண்டுதோறும் படம் போட்டுச் சொல்கின்றன. நடையும் பின்னலும் ஒரே நாளின் இரண்டு இன்பங்கள். முன்பு அவை ஒரே நேரத்தில் நடந்த ஒரே உழைப்பு.

அந்த உழைப்பின் அளவை ஒரு கணக்கு காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெண்டல் சந்தைக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வாரந்தோறும் வந்த காலுறைகள் சுமார் 2,400 ஜோடி. அதில் டென்ட், செட்பர் இரண்டும் சேர்ந்து அனுப்பியவை 840 ஜோடி. ஒவ்வொன்றும் கையால் பின்னியது. வியாபாரி நூலைக் கொடுத்துவிட்டுப் போவார், பின்னி முடித்ததை வாங்கிக்கொண்டு சொற்பக் கூலி தருவார். நம் ஊர்ப் பீடித் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

இவர்களைக் கவிஞர் ராபர்ட் சதே தம் நூலொன்றில் ‘டென்டின் பயங்கரப் பின்னல்காரர்கள்’ என்ற பெயரில் பதிவு செய்தார். அந்தச் சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். ‘பயங்கரமாகப் பாடுகிறான்’ என்று நாம் வியப்போமே, அந்தப் பயங்கரம்தான் அது. ஆனால் சதே பதிவு செய்த கதை, சொல்லின் மற்றப் பொருளையும் நினைவூட்டும். ஏரி மாவட்டத்து லாங்டேலிலிருந்து ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியையும், அவளுக்கு இரண்டு வயது இளைய தங்கையையும் பின்னல் கற்க டென்டுக்கு அனுப்புகிறார்கள். பொழுது விடிந்தால் ஊசி, பொழுது சாய்ந்தால் ஊசி. தாங்க முடியாமல் இருவரும் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, மலைகளைக் கடந்து நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த நடையில் அவர்கள் கையில் பின்னல் இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வது எனக்கு ஒரு ஆறுதல்.

இலையுதிர்காலம் வந்தால் பின்னல் வீட்டுக்குள் வரும். இந்த வட மூலையில் அக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு இறங்கத் தொடங்கும். விளக்குக்கும் கரிக்கும் காசு செலவழிக்கிற குடும்பங்களா இவை? ஓர் இரவு ஒரு வீடு என்று முறைவைத்து, அக்கம்பக்கத்தார் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். ஒரே நெருப்பு, ஒரே மங்கல் வெளிச்சம். கண்ணால் பார்க்காமல் பின்னத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் வெளிச்சம் தேவைப்படவில்லை. எல்லாரும் ஒரே தாளத்தில் உடலை முன்னும் பின்னும் அசைத்துப் பின்னினார்கள். கண்ணிகளின் வரிசை மாறாமலிருக்கப் பாட்டுப் பாடினார்கள், பேய்க்கதை சொன்னார்கள், வராதவரைப் பற்றிப் பேசினார்கள். இதே ஊரில் 1785இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் நிலவியல் பேராசிரியரான ஆடம் செட்ஜ்விக், முதுமையில் தம் ஊரை நினைத்து எழுதும்போது பாறைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இந்தக் கூடிப் பின்னும் இரவுகளையும் எழுதி வைத்தார்.

இன்றைய பின்னல்காரிக்கு அறை முழுக்க வெளிச்சமும் வெதுவெதுப்பும் உண்டு. கண்ணி தவறினால் யூடியூப்பில் யாரோ ஒருவர் சரிசெய்து காட்டுவார். 2007இல் தொடங்கிய ராவல்ரி தளத்தில் உலகெங்கும் உள்ள லட்சக்கணக்கானவர்களின் பின்னல் வடிவங்களை அவள் பார்க்கலாம். கூட்டம் பெரிதாகிவிட்டது, அறையில் அவள் மட்டும் இருக்கிறாள். வாரம் ஒருமுறை காபிக் கடையிலோ நூலகத்திலோ கூடும் பின்னல் குழுக்கள் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. அங்கேயும் வராதவரைப் பற்றிப் பேசுவார்கள் என்றே நம்புகிறேன்.

காட்டுக்கும் வேறொரு கதை இருந்தது. இலையுதிர்காலக் காடு அன்று அமைதியான இடமே இல்லை. இலை கொட்டி முடிந்ததும் கோடரி உள்ளே வரும். ஹேசல், ஆஷ், பர்ச் மரங்களை அடியோடு ஒட்ட வெட்டிவிட்டு, தூரிலிருந்து புதுக் கொம்புகள் கிளம்ப விடுவார்கள். கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போலத்தான், ஆனால் அடுத்த வெட்டுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் கொம்புகள் வேலிக்கும் கூடைக்கும் கரிக்கும் போயின. விண்டர்மியர் ஏரியின் தென்கோடிக்கு அருகே 1835இல் எழுந்த ஸ்டாட் பார்க் ஆலையில் அவை நூல் சுற்றும் கட்டைகளாக உருமாறி, லங்காஷயர் பஞ்சாலைகளுக்குப் போயின. காட்டு மரம் இயந்திரத்துக்குத் தீனியானது. அந்த இயந்திரங்களின் உறவுக்கார இயந்திரம் ஒன்று டென்டின் ஊசிகளை ஓயவைத்தது. காலுறை பின்னும் சட்டத்தை வில்லியம் லீ 1589இலேயே கண்டுபிடித்துவிட்டார். அது இந்த மலைகள் வரை வந்து பிழைப்பைக் கெடுக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நடுவே முழங்கால்வரைக் கால்சட்டை போய் முழுக் கால்சட்டை வந்தது. நீளக் காலுறையைக் கேட்பாரில்லை. மேரி ஹார்ட்லியும் ஜோன் இங்கில்பியும் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, பள்ளத்தாக்குப் பின்னல்காரர்களின் வரலாற்றை 1951இல் நூலாக்கியபோது அது நினைவுகளின் தொகுப்பாகவே இருந்தது. ஸ்டாட் பார்க் ஆலை 1971இல் மூடப்பட்டது. இப்போது அதுவும் அருங்காட்சியகம்.

முதல் உலகப்போர் மரப் பஞ்சத்தை உணர்த்திய பிறகு, 1919இல் அரசு வன ஆணையத்தை அமைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் நிலத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடே காடு. இன்று அது 13 விழுக்காடு. நடக்க இவ்வளவு காடு எந்தப் பாட்டனாருக்கும் கிடைத்ததில்லை. ஆனால் கூடியதில் பெரும்பகுதி வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள். நானூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து காடாகவே இருந்துவரும் பழங்காடு இரண்டரை விழுக்காடு அளவில்தான் எஞ்சியிருக்கிறது. கோடரி நின்றதை நல்லதென்று நினைப்போம். ஆனால் மரம் வெட்டிய இடங்களில் விழுந்த வெயிலை நம்பியே பூத்த செடிகளும், அவற்றை நம்பிய பட்டாம்பூச்சிகளும் உண்டு. வெட்டுவது நின்றதும் கிளைகள் மேலே மூடிக்கொண்டன, கீழே இருண்டது. இந்தச் சுண்ணாம்புப் பள்ளத்தாக்குகளின் மரம் ஆஷ். அதைக் கருகவைக்கும் பூஞ்சை நோய் 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. நடை போகிறவர் இப்போது இலை நிறத்தைப் பார்க்க அண்ணாந்தால், இலையே தளிர்க்காத உச்சிக் கிளைகளையும் பார்க்கிறார்.

ஆடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர் தொடங்குமுன், தாரையும் கெட்டுப்போன வெண்ணெயையும் குழைத்து, ஆட்டின் ரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் தடவுவார்கள். ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் பத்துப் பன்னிரண்டு ஆடுகளைத்தான் முடிக்க முடியும். அவ்வளவு பாடுபட்டுக் காத்த ரோமம் அன்று குடியானவருக்கு வருமானம். இன்று மலையாட்டின் முரட்டு ரோமத்தை விற்றுக் கிடைக்கும் பணம், கத்தரிக்கிறவரின் கூலிக்கே பல ஆண்டுகளில் போதவில்லை. மழையில் அந்த ஆடுகளைத் தாண்டி நடக்கிறவரின் பையில் இருப்பதோ பெரும்பாலும் தென்கோளத்திலிருந்து கப்பலேறி வந்த மெரினோ. ஒரு ஜோடி காலுறைக்கு நூறு கிராம் நூல் வேண்டும்; அந்த நூலின் விலைக்குக் கடையில் பல ஜோடி காலுறைகள் வாங்கிவிடலாம். கூலி கட்டவில்லை என்று அன்று புலம்பினார்கள். இன்று கூலி என்ற பேச்சே இல்லை, அதனால் நிம்மதியாகப் பின்னுகிறார்கள். ஏழு வயதுப் பெண்ணை எவரும் எங்கும் அனுப்புவதில்லை.

டென்ட் ரயில் நிலையம் ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் 1,150 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் முதன்மைப் பாதைகளில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் இல்லை. நான் போன ரயிலில் எதிர் இருக்கைப் பெண்மணி சாம்பல் நிறக் காலுறை ஒன்றைப் பின்னிக்கொண்டு வந்தார். கண் சன்னலில், கை ஊசியில். வேகமும் நன்றாகவே இருந்தது. நிலையம் நெருங்கியதும் வரிசையின் முடிவுவரை பின்னி, கண்ணிகளை ஒருமுறை எண்ணி, ஊசி முனைகளில் ரப்பர் மூடிகளை மாட்டி, எல்லாவற்றையும் துணிப்பையில் சுருட்டி முதுகுப்பைக்குள் வைத்தார். கயிற்றை இறுக்கினார். பிறகு இரண்டு கையிலும் இரண்டு நடைக்கோல்களை எடுத்துக்கொண்டு, ஊர் நோக்கி இறங்கும் செங்குத்தான சாலையில் நடக்கத் தொடங்கினார்.