விஞ்ஞான மாநாட்டில் விவசாயிக்கும் நாற்காலி

விஞ்ஞானிகள் மாநாடு என்றதும் பலர் மனத்தில் தோன்றும் காட்சி ஒன்றுதான். பெரிய மண்டபம், மேடையில் மந்திரி, கீழே கோட்டு அணிந்த பேராசிரியர்கள், புரியாத ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரைகள். ஆலைத் தொழிலாளிக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிப் போவதே வழக்கம்.

2020 ஜனவரி 3 முதல் 7 வரை பெங்களூரில் நடந்த 107-வது இந்திய விஞ்ஞான காங்கிரஸ் அந்த எண்ணத்தைச் சற்று மாற்றியது. ஹெப்பாளுக்கு அப்பால், பல்லாரி ரோட்டில் உள்ள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் அது நடந்தது. கிராம முன்னேற்றத்துக்கு விஞ்ஞானம் என்பதே மையப் பொருள். முதல் தடவையாக விவசாயிகளுக்கென்றே தனி மாநாடு ஒன்றும் உடன் கூட்டப்பட்டது. நிலத்தில் தாங்களே புது முறை கண்டவர்கள் ஆராய்ச்சியாளர்களோடு சமமாக உட்கார்ந்தார்கள்.

சென்னைப் பேராசிரியரின் யோசனை

இந்த மாநாட்டுக்கு வித்திட்டவர்கள் இரண்டு ஆங்கிலேய ரசாயனப் பேராசிரியர்கள். ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியின் சைமன்சன். மற்றவர் லக்னோவின் மக்மஹன். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் ஆங்காங்கே உழைக்கும் ஆராய்ச்சியாளர்கள் வருஷம் ஒரு முறையாவது நேரில் கூட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 1914 ஜனவரியில் கல்கத்தாவில் முதல் கூட்டம் நடந்தது. ஆசுதோஷ் முகர்ஜி தலைமை வகித்தார். வந்தவர்கள் 105 பேர். படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. 1929-ல் சென்னையில் கூடியபோது தலைமை வகித்தவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன்.

ஆக, கட்டுரை படிப்பது பாதி; நேரில் பழகுவது மறு பாதி. அச்சான கட்டுரையை ஊரில் இருந்தே படித்துக் கொள்ளலாம். எழுதியவரைப் பார்த்து, 'இது ஏன் இப்படி?' என்று கேட்க ரயில் ஏறித்தான் வர வேண்டும்.

பட்டறையும் போஸ்டரும்

ஒர்க்‌ஷாப் என்றால் ரயில்வே ஊழியருக்கு எஞ்சினும் பெட்டியும் பழுது பார்க்கும் இடம். விஞ்ஞான மாநாடுகளில் நடக்கும் பயிற்சிப் பட்டறையும் ஒரு வகையில் அதே மாதிரிதான். கையைக் கட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்கும் இடமல்ல. ஒரு கருவியையோ கணக்கிடும் முறையையோ தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்ட, மற்றவர்கள் தாங்களே செய்து பழகும் இடம்.

போஸ்டர் அரங்கும் உண்டு. சினிமா போஸ்டர் அல்ல. மாதக் கணக்கில் செய்த ஆராய்ச்சியை ஒரே தாளில் படமும் வரைபடமுமாகப் போட்டு ஒட்டிவிட்டு, இளம் ஆராய்ச்சியாளர் பக்கத்திலேயே நிற்பார். வருகிறவர் யாராயிருந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மேடை ஏற வாய்ப்புக் கிடைக்காதவருக்கு இதுதான் மேடை.

மாலையில் கலை நிகழ்ச்சி, இரவில் விருந்து. வீண் செலவு என்று நினைக்கலாம். ஆனால் டைரக்டரும் மாணவரும் தட்டோடு ஒரே வரிசையில் நிற்பது அங்கேதான். அரங்கில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி டீக் கோப்பையோடு வெளியே வந்துவிடும்.

கதவு திறந்த விதம்

1976-ல் வால்டேரில் தலைமை வகித்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அப்போதும் கிராம முன்னேற்றமே மையப் பொருள். ஆண்டுக்கு ஒரு மையப் பொருள் என்ற வழக்கம் தொடங்கியது அதிலிருந்துதான். சிறுவர் மாநாடு, 2012-ல் புவனேஸ்வரத்தில் பெண்கள் மாநாடு, 2020-ல் விவசாயிகள் மாநாடு, 2023-ல் நாகபுரியில் ஆதிவாசிகள் மாநாடு என்று கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆனால் நாகபுரிக்குப் பிறகு தடை வந்தது. நிதி விஷயத்தில் மத்திய அரசின் விஞ்ஞானத் துறைக்கும் மாநாட்டுச் சங்கத்துக்கும் தகராறு முற்றி, 2024 ஜனவரியில் கூட வேண்டிய 109-வது மாநாடு கூடவில்லை.

பேராசிரியர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அவர்கள் கூட வேறு மாநாடுகள் பல உண்டு. வெளிநாட்டுக்கும் போய் வருவார்கள். நஷ்டம் வேறு சிலருக்கு. தன் வயலில் கண்டதைச் சொல்ல வந்த விவசாயிக்கும், புத்தகத்தில் படித்த விஞ்ஞானியை நேரில் பார்க்கக் காத்திருந்த பள்ளிச் சிறுமிக்கும் அப்படி வேறு இடம் எளிதில் கிடைக்காது. படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்கு வந்த தகப்பன், மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், 'அதோ, அவரிடம் கேள்' என்று சொல்லக்கூடிய இடம் அது.

கணக்கு வழக்கில் குறை இருந்தால் தீர விசாரிக்கட்டும். விசாரணை நடக்கும்போதே கதவும் திறந்திருக்கட்டும். பெங்களூரில் விவசாயிக்குப் போட்ட நாற்காலியை எடுத்து மடித்து வைத்துவிடக் கூடாது.