பாண்டிய ராஜாவும் பட்டாணிக் குதிரையும்!

குதிரை வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நான் விலையைப் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை! அந்த ஒரு தப்புக்காக நான் எட்டு மாதம் அலைந்த அலைச்சல்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பவானிக்காரர்களுக்கு ஆடி மாதம் வந்தால் இரண்டு கொண்டாட்டம். ஒன்று, ஆடிப்பெருக்கு. அன்றைக்குக் கூடுதுறையில் கால் வைக்க இடம் கிடைக்காது. இன்னொன்று, பக்கத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழா. சாமி கும்பிட வருகிறவர்கள் பாதி, குதிரை பார்க்க வருகிறவர்கள் பாதி. காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து முட்டிக்கொள்கிற காத்தியவாரி என்ன, மார்வாரி என்ன, மேளச் சத்தத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற நாட்டியக் குதிரை என்ன! திப்பு சுல்தானே தன் படைக்கு இங்கேதான் குதிரை பிடித்தார் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். சந்தையில் நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

அப்படி வேடிக்கை பார்க்கப் போன இடத்தில்தான் பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்புச்சி! இங்க பாருங்க... நம்ம ஸ்கூட்டர் ஒசரம்தான் இருக்குது!"

ஒரு மட்டக்குதிரை. மூன்றடி இருந்தால் அதிகம். பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாய் உடம்பு, கண்ணை மறைக்கிற மாதிரி முன்மயிர். அமெரிக்காவில் 34 அங்குலத்துக்கு மேல் போகாத குதிரைகளுக்கு மினியேச்சர் குதிரை என்று பெயர் வைத்து, சங்கம் அமைத்துப் பதிவேடு போடுகிறார்கள். நம் ஊரில் 'மட்டம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

முன்னங்கால் குளம்பு இரண்டும் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க. நகம் வளந்திருக்குதுங்க. வீட்டுக்குக் கொண்டுபோயி நறுக்கிக்கிட்டாப் போச்சு!" என்றார் விற்றவர்.

நெயில் கட்டரில் நறுக்குகிற சமாசாரம் என்று நானும் நம்பிவிட்டேன். 'பட்டாணி' என்று பெயர் சூட்டி வேனில் ஏற்றி வந்துவிட்டோம்.

ஒற்றை விரல் நடை

குதிரைக் குளம்பைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரை நடப்பது பாதத்தில் அல்ல. ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில்! அந்த விரலின் நகம்தான் குளம்பு. நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின்தான் அதிலும். மாதத்துக்கு முக்கால் சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கல்லிலும் மேட்டிலும் நாளெல்லாம் நடக்கிற குதிரைக்கு வளர்கிற அளவு தேய்ந்துவிடும். எங்கள் தோட்டத்து ஈரமண்ணில் சுகமாக நிற்கிற பட்டாணிக்கு எப்படித் தேயும்? ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது சீவிவிட வேண்டும். விட்டால் நுனி முன்பக்கம் நீண்டு, குதிகால் பக்கம் சரிந்து, உடம்பு பாரமெல்லாம் கால் நரம்பில் போய் உட்காரும்.

ஐப்பசி அடைமழை முடிகிறபோது பட்டாணி, ராஜா காலத்து நாடகத்தில் நுனி வளைந்த செருப்பு போட்ட சேவகன் மாதிரி நடக்க ஆரம்பித்தான்.

"ஏனுங்க, அதுக்குக் காலு என்னமோ பண்ணுதுங்க. பார்க்கவே பாவமா இருக்குது" என்றாள் என் மனைவி. குதிரை வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பரிதாபப்படுகிற முதல் ஜீவன் நானில்லை என்பதை மட்டும் புரிந்துகொண்டேன்.

விசாரித்ததில் மாட்டுக்கு லாடம் அடிக்கிற ஒருவர் கிடைத்தார். மாட்டு விஷயத்தில் கெட்டிக்காரர். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும்; ஒரு காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு. கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, படபடவென்று அடித்து எழுப்பிவிடுவார். பட்டாணியையும் அதேபோலச் சாய்க்கக் கயிறை உருவினார். அவ்வளவுதான்! பட்டாணி உதைத்த உதையில் லாடப் பெட்டி ஒரு பக்கம், அவர் தலைப்பாகை ஒரு பக்கம்.

"இது நம்ம கைக்கு அடங்காதுங்க. குதிரை லாடக்காரன் வேணும். அந்தக் காலத்துல ஜட்கா வண்டி ஓடுன ஊருல எல்லாம் இருந்தாங்க. இப்ப எங்கீங்க தேடறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார்த்திகையில் நானே களத்தில் இறங்கினேன். ஆயுதம், ஆக்சா பிளேடு! அரை அங்குலம் அறுப்பதற்குள் பட்டாணி என் தோளைக் கவ்விவிட்டான். ஆஸ்பத்திரியில், "எது கடிச்சதுங்க?" என்றாள் நர்ஸ். "குதிரை" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

பொங்கல் செய்த வேலை

கால் வலிக்கிறதே என்ற இரக்கத்தில் வீட்டில் ஆளாளுக்கு உபசாரம். பேத்தி வெல்லக்கட்டி கொடுப்பாள். மனைவி கம்பும் மக்காச்சோளமும் வைப்பாள். தைப்பொங்கலன்று ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கலையே காலி செய்தான் பட்டாணி.

நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கிறான். ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்கிறான். குளம்பில் கை வைத்தால் சூடு.

கால்நடை டாக்டரம்மா ஓடி வந்தார். பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "சார், இது குளம்பு அழற்சி. குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கிற எலும்பையும் பிடிச்சுக்கிட்டிருக்கிற சதை வீங்கிப் போச்சு. தானியம், வெல்லம் அதிகமானா வரும். மட்டக்குதிரைக்கு ரொம்ப சீக்கிரம் வரும். ஏற்கெனவே நுனி நீண்டு கிடக்கிறதால ஒவ்வொரு அடியும் அந்தப் பிடிப்பைக் கிழிக்குது. விட்டா எலும்பே கீழே திரும்பிடும். அப்புறம் அது எழுந்து நிக்கிறதே கஷ்டம்."

பேத்தி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் குடுத்த வெல்லத்தாலயா, அப்புச்சி?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில், எலும்பு கொஞ்சம்தான் அசைந்திருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். தானியம் கூடாது, காய்ந்த புல் மட்டும், நிற்கிற இடத்தில் மணல் மெத்தை என்றார்கள். கூடவே ஒன்று சொன்னார்கள்: "மருந்து பாதி. மீதி, குளம்பைச் சரியாகச் சீவுகிற ஆள் கையில் இருக்கிறது."

அந்த ஆள் எங்கே?

மார்க்கோ போலோ சொன்ன ரகசியம்

தூக்கம் வராத ஒரு ராத்திரியில் மார்க்கோ போலோவின் பயணக் கதையைப் புரட்டினேன். தூக்கம் போயே போச்சு! 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் நம் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்து போனவர். ராஜா வருஷத்துக்கு 2000-க்கு மேல் குதிரை வாங்குவாராம். ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்குமாம். வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாதாம்! காரணம்? அரிசிச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்களாம். குதிரைக்கு வைத்தியமும் லாடமும் தெரிந்த ஆளே இங்கே கிடையாதாம். குதிரை விற்கிற வியாபாரிகளும் அப்படிப்பட்ட ஆள் ஒருத்தரையும் இந்தப் பக்கம் வரவிடமாட்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவர்கள் போட்டது சோறு. நாங்கள் போட்டது சர்க்கரைப் பொங்கல். பாண்டிய ராஜாவுக்கும் லாடக்காரர் கிடைக்கவில்லை. பவானியில் எனக்கும் கிடைக்கவில்லை. எழுநூறு வருஷம் போயும் கதை மாறவில்லையே!

மற்ற இடங்களில் இதைப் பெரிய படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1975-இல் சட்டமே போட்டார்கள். பதிவு பெறாத ஆள் குதிரைக்கு லாடம் அடித்தால் குற்றம்! பதிவு பெற வேண்டுமானால் வருஷக்கணக்கில் ஒருவரிடம் தொழில் பழக வேண்டும். நம் ராணுவமும் மீரட்டில் தன் குதிரைப் பிரிவு மையத்தில் லாடக்காரர்களைப் பழக்குகிறது. ராணுவத்துக் குதிரைக்கு ஆள் இருக்கிறது. தோட்டத்து மட்டக்குதிரைக்குத்தான் நாதியில்லை.

சாக்கு விரித்த பெரியவர்

கடைசியில் அந்தியூர்ச் சந்தையிலேயே விடை கிடைத்தது. வருஷா வருஷம் நாட்டியக் குதிரை கொண்டு வருகிற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கோபி பக்கம் ஒரு பெரியவரைக் கைகாட்டினார். வயது எழுபதுக்கு மேல். ஒரு காலத்தில் ஜட்காக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். பங்குனி வெயிலில் பஸ் ஏறி, ஒரு பையோடு வந்து இறங்கினார்.

வந்தவர் பையைத் திறக்கவே இல்லை. "ஏனுங்க, கொஞ்சம் நடக்க வுடுங்க, பாக்கலாம்" என்றார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போனார். பத்து நிமிஷம் வெறும் பார்வை.

"லாடம் எத்தனை வேணுமுங்கய்யா?" என்றேன், பெரிய விவரஸ்தன் மாதிரி.

சிரித்தார். "தார் ரோட்டுல வண்டி இழுக்கற குதிரைக்குத்தானுங்க லாடம். தோட்டத்துல நிக்கற இதுக்கு எதுக்குங்க இரும்பு? சீவி வுட்டாப் போதும். லாடம் அடிக்கத் தெரிஞ்சவன் பாதி ஆளு. சீவத் தெரிஞ்சவன்தானுங்க முழு ஆளு."

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். ஒரு சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்! பெரிய குதிரையென்றால் காலைத் தூக்கித் தொடை நடுவில் இடுக்கிக்கொள்வார்களாம். மட்டக்குதிரையை அந்த உயரத்துக்குத் தூக்கினால் மூட்டு பிதுங்கும், தோள் வலிக்கும். உதைக்காமல் என்ன செய்யும்? பெரியவர் பட்டாணியின் காலைத் தரையிலிருந்து ஒரு சாண்தான் எடுத்தார். பக்கவாட்டில் இழுக்காமல், உடம்புக்கு நேர் கீழேயே மடித்துப் பிடித்தார். என் தோளைக் கடித்த அந்தப் போக்கிரி, பூனைக்குட்டி மாதிரி நின்றான்!

"நாமதானுங்க குனியோணும். அதை எப்படி ஒசரச் சொல்றது?"

முதலில் கொக்கியால் அழுக்கெடுத்தார். அடிப்பாதத்தில் உலர்ந்து உதிர்கிற பாகத்தை மட்டும் கத்தியால் வழித்தார். நடுவில் வி வடிவத்தில் மெத்தென்று இருக்கும் பகுதியைத் தொடவே இல்லை. தொங்கிய பிசிறை மட்டும் எடுத்தார். "இதாங்க குதிரைக்கு ஸ்பிரிங்கு. இதை வெட்டறவன் பாவி." அப்புறம் குறடு. சுற்றுச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாய் நறுக்கினார். கடைசியில் அரம். குளம்பின் முன்பக்கச் சரிவும் அதற்கு மேலே இருக்கும் கணுவின் சரிவும் ஒரே கோடாக வரவேண்டும் என்று குச்சி வைத்துக் காட்டினார். ஓரம் சில்லு பெயராமல் இருக்கச் சுற்றிலும் உருட்டிவிட்டார்.

நுனி இன்னும் நீளமாகத்தான் இருந்தது. "இன்னுங் கொஞ்சம் எடுத்துடலாமுங்களே?" என்றேன்.

"ஆறு மாசத்துல வளந்ததை ஆறு நிமிசத்துல வெட்டுனா உசிர்ச்சதையில பட்டுருமுங்க. நாலஞ்சு வாட்டியாத்தான் கொண்டு வரோணும்."

சொன்னபடியே நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்தார். மூன்றாவது தடவை அவர் அரத்தைக் கீழே வைத்ததும் பட்டாணி இரண்டடி எடுத்து வைத்தான். நின்று யோசித்தான். அப்புறம் வேலி வரைக்கும் ஓடினான். பேத்தியும் கூடவே ஓடினாள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மட்டக்குதிரை வைத்திருக்கிறீர்களா?

தினமும் குளம்பைத் தூக்கி அழுக்கெடுங்கள்; குட்டியிலிருந்தே பழக்குங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். வெல்லம், பொங்கல், கைநிறையத் தானியம் எல்லாம் வேண்டவே வேண்டாம்! குளம்பு சூடாக இருந்தாலோ, முன்னங்காலை நீட்டிச் சாய்ந்து நின்றாலோ அன்றைக்கே டாக்டர். சந்தையில் வாங்கும்போது பல்லைப் பார்க்கும் முன் பாதத்தைப் பாருங்கள்; நடக்கவிட்டுப் பாருங்கள்.

போன தடவை பெரியவருக்குக் காபி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "உங்களுக்கப்புறம் யாருங்கய்யா?"

"பையன் கார் ஓட்டறானுங்க. அதுக்குக் குளம்பு இல்லை, டயருதான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. தன் பழைய அரம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "நான் வராத வாரத்துல ஓரத்தை மட்டும் நீங்களே தேய்ச்சு வுடுங்க. கத்தி, குறடு பக்கம் இப்பப் போகாதீங்க. பார்த்துப் பார்த்துக் கத்துக்கலாம்."

அறுபத்துமூன்று வயதில் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்து அரம் பிடிக்கிறேன். முட்டி வலிக்கிறது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து குச்சி வைத்துக் கோடு பார்க்கிறாள். "அப்புச்சி, எடது பக்கம் மேடா இருக்குது" என்று அதட்டுகிறாள். அவள் கண் சரியாகத்தான் பார்க்கிறது.

பாண்டிய ராஜாவுக்குக் கிடைக்காத ஆள் பவானியில் தயாராகிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்... நான் இல்லை, அவள்!